பேரேடு போட்டு பிட்சிங் பார்ப்பது எப்படி?

கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் பேரேடு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற கையோடு, 2012இல், பேரன் பிறந்திருக்கிறான் என்று மகன் வீட்டுக்குப் போனோம். சியாட்டிலை ஒட்டிய ரென்டன். ஆகஸ்ட் 15, புதன்கிழமை மதியம். குழந்தை தூங்குகிறதே என்று சத்தத்தை அணைத்துவிட்டு டிவியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்பதே தவிர ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அடிக்க வருகிற எதிரணிக்காரன் ஒவ்வொருவனும் வந்த வழியே திரும்பிப் போகிறான். கை சும்மா இருக்குமா? ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன், நாலு கோடு, குறுக்கே ஒன்று. பதினெட்டு வந்தபோது மருமகள் எட்டிப் பார்த்து, "மாமா, நீங்க நடுவுலதான் பார்க்க ஆரம்பிச்சீங்க. மொத்தம் 27 பேர். ஒருத்தர்கூட பேஸுக்குப் போகல" என்றாள். பேஸ் என்பது அடித்தவன் ஓடிப்போய் நிற்கிற இடம். டாம்பா பே ரேஸ் அணிக்கு எதிராக ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் வீசிய பெர்ஃபெக்ட் கேம் அது. 1-0. சியாட்டில் மேரினர்ஸ் அணிக்கு இன்றுவரை அது ஒன்றுதான்.

அந்த உறையில் தொடங்கிய பழக்கம் இப்போது வருஷத்துக்கு ஒரு நோட்டு என்று வந்து நிற்கிறது. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்கலாம், சீசனும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஆறு மாதம். போக முடியாத வருஷங்களில் பாளையங்கோட்டையில் காலைக் காப்பியோடு கைபேசியில் பார்க்கிறேன். அங்கே சாயங்காலம் 6.40க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை 7.10. தம்பி மகன் ஒருத்தன், "எப்படி பெரியப்பா விடாம ஃபாலோ பண்றீங்க?" என்று கேட்டான். அவனுக்காக எழுதியது இது.

முதலில் அடிப்படை, சுருக்கமாக. சீசனுக்கு 162 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், மூன்று அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ். பந்து வீசுகிறவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் (ஸ்டார்ட்டர்கள்) ஐந்து பேர், முறை வைத்து வருவார்கள். ஒருத்தர் ஏறக்குறைய 90, 100 பந்து வீசிவிட்டு இறங்குவார். கிரிக்கெட்டில் போல் ஒரு ஸ்பெல் போட்டுவிட்டுப் போய் அப்புறம் திரும்பி வருகிற கதை இங்கே கிடையாது. இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். மீதியை புல்பென்னில், அதாவது மாற்று பிட்சர்கள் சூடேற்றிக்கொள்ளும் இடத்தில், காத்திருக்கிறவர்கள் (ரிலீவர்கள்) முடிக்க வேண்டும். 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஐந்தைக் கழித்தால் எட்டு. இந்த எட்டுப் பேரின் கைகளில் இன்று எத்தனை கை வேலை செய்யும் என்று தெரிந்தால் பாதி ஆட்டம் தெரிந்த மாதிரி.

சரி, நோட்டு. நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு போதும். இடது ஓரத்தில் எட்டுப் பெயர்கள். மேலே தேதிகள். கட்டத்துக்குள் அன்று வீசிய பந்துகளின் எண்ணிக்கை. வீசவில்லை என்றால் ஒரு புள்ளி. புல்பென்னில் எழுந்து சூடேற்றிக்கொண்டு, கூப்பிடாமலே உட்கார்ந்துவிட்டார் என்றால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். இந்த வட்டம் ஸ்கோர் அட்டையில் இருக்காது, ஆனால் கை களைத்ததுதான். கேமரா புல்பென் பக்கம் திரும்பும்போதோ வானொலி வர்ணனையாளர் சொல்லும்போதோ பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற எண்களை ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்துக்கூட எழுதலாம். வட்டத்தை அப்போதே போடாவிட்டால் போனது போனதுதான்.

இப்படிப் பத்து நாள் எழுதினால் நோட்டே பேச ஆரம்பிக்கும். ஒரு பெயருக்கு நேரே செவ்வாய் 22, புதன் 17 என்று இருந்தால் வியாழன் அவர் வருவது சந்தேகம். ஒரே நாளில் 30 தாண்டியிருந்தால் மறுநாள் அநேகமாக ஓய்வு. மூன்று நாள் தொடர்ந்து வீசியவரை நாலாம் நாள் எதிர்பார்க்காதே. இதெல்லாம் சட்டம் அல்ல, வழக்கம். மேலாளர் மீறுவார், மீறினால் அதையும் சிவப்பில் எழுது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை, ஆட்டத்தை முடித்துவைக்கிற குளோசர் முன்யோஸ் வரவில்லை என்று மகன் குதிப்பான். நான் நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். ஒரு காலத்தில் கேஷியரிடம் இருப்பு எவ்வளவு என்று பார்க்காமல் செக் பாஸ் பண்ணச் சொல்லும் வாடிக்கையாளர்களிடமும் இப்படித்தான் காட்டினேன்.

ஒரு சட்டமும் உண்டு. 2020 முதல், உள்ளே வந்த பிட்சர் குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். முன்பு போல ஒரே ஒரு இடதுகை ஆட்டக்காரனுக்காக ஒருத்தரைக் கொண்டு வந்து உடனே அனுப்ப முடியாது. அதனால் அடுத்து வரப்போகும் மூன்று பெயர்களைப் பார்த்துவிட்டு, நோட்டில் புள்ளி வைத்தவர்களைப் பார்த்தால், யார் எழுந்து கையை ஆட்டப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லலாம். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விளையாட்டு இதுதான்.

ஸ்டார்ட்டர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, இன்னிங்ஸ், பந்துகள், ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது), வாக் (நாலு பந்து தப்பாக வீசியதால் எதிரணிக்காரன் சும்மா முதல் பேஸுக்குப் போவது), ரன். இங்கே நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் 6.1 இன்னிங்ஸ் என்றால் ஆறும் மூன்றில் ஒரு பங்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, அவுட்டுகளின் எண்ணிக்கை. தெரியாமல் ஒரு சீசன் முழுக்க மகனின் கம்ப்யூட்டரில் எக்செலில் கூட்டினேன். 6.1உம் 5.2உம் சேர்ந்தால் அது 11.3 என்றது, உண்மையில் 12. செப்டம்பரில் ஒருத்தருடைய கணக்கும் டாலி ஆகவில்லை. எங்கள் அப்பா அணா, தம்பிடியில் கணக்கு எழுதியவர். பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். அவர் இருந்திருந்தால் பார்த்தவுடனே பிடித்திருப்பார். மூன்று சேர்ந்தால் ஒன்று, அவ்வளவுதான். நான் இப்போது அவுட்டுகளாகவே எழுதிவிடுகிறேன்: 6.1 என்றால் 19.

ஈ.ஆர்.ஏ. என்பது, சகாக்களின் பிழையால் வந்தவற்றைத் தள்ளிவிட்டு, பிட்சரின் கணக்கில் விழுந்த ரன்களை ஒன்பதால் பெருக்கி இன்னிங்ஸால் வகுப்பது. அவுட்டில் எழுதினால் 27ஆல் பெருக்கி அவுட்டால் வகு. நாலுக்குக் கீழே சுமார், மூன்றுக்குக் கீழே வெகு ஜோர்.

வெற்றி, தோல்வி என்று, ஆட்டத்தின் முடிவை ஒரு பிட்சரின் பேரில் எழுதும் ஒரு பத்தி எல்லா இடத்திலும் முதலில் போட்டிருப்பார்கள். என் நோட்டில் அதற்கு இடமே இல்லை. காரணம் சொல்கிறேன். 2010இல் ஃபெலிக்ஸின் ஈ.ஆர்.ஏ. 2.27. அவருடைய கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி. அணி அந்த வருஷம் 101 ஆட்டம் தோற்றது. அடிக்கிறவர்கள் ரன் எடுக்காததற்கு வீசுகிறவர் என்ன செய்வார்? நல்லவேளையாக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் அதைப் பார்த்து மயங்காமல் அவருக்கே கொடுத்தார்கள். 2024இல் மேரினர்ஸின் லோகன் கில்பர்ட்டுக்கும் அதே கதை. 208⅔ இன்னிங்ஸ் வீசினார், லீக் முழுவதிலும் அவ்வளவு வீசினவர் வேறு யாரும் இல்லை. கணக்கில் 9 வெற்றி, 12 தோல்வி. உழைத்தவன் ஒருத்தன், போனஸ் வாங்கினவன் இன்னொருத்தன்.

வாக் பத்தியை மட்டும் தவறாமல் பார். ஹிட் (அடித்துவிட்டு பேஸ் போய்ச் சேர்வது) விழுவதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும், வாக் கொடுப்பது பிட்சரின் சொந்தச் செலவு. ஜார்ஜ் கிர்பி 2023இல் 190⅔ இன்னிங்ஸில் 19 வாக்தான் கொடுத்தார். பத்து இன்னிங்ஸுக்கு ஒன்று. அப்படிப்பட்டவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கொடுத்தால் எனக்கு ரன் விழாவிட்டாலும் வயிற்றைக் கலக்கும்.

அடுத்தது வேகம். எம்.எல்.பி. (அமெரிக்க பேஸ்பால் லீக்) செயலியில் ஒவ்வொரு பந்தின் வேகமும் வரும். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். 2023இல் பிட்ச் கிளாக் வந்த பிறகு பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவே நேரமில்லை. முதல் இன்னிங்ஸின் ஃபாஸ்ட்பால்களில் மூன்று, ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று, அது போதும். வயசானால் வேகம் மெதுவாகக் குறையும், அது இயற்கை. ஒரே மாதத்தில் இரண்டு மைல் குறைந்தால் தோளிலோ முழங்கையிலோ ஏதோ இருக்கிறது. அறிக்கை வருவதற்கு முன்னால் உன் நோட்டில் வந்திருக்கும். முழங்கைக்குச் செய்கிற டாமி ஜான் அறுவை சிகிச்சை என்ற பெயரைக் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல்.

பேட்டிங் வரிசை எத்தனையாவது சுற்று போகிறது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள். ஒரே ஆட்டக்காரன் மூன்றாம் முறை வரும்போது அவனுக்கு இவர் வீசும் எல்லாப் பந்தும் பழகிப் போயிருக்கும். ஆறாவது இன்னிங்ஸில் நன்றாக வீசிக்கொண்டிருக்கிறவரை ஏன் இறக்குகிறார்கள் என்று அரங்கமே கத்தும். பாதி நேரம் காரணம் இதுதான்.

மேரினர்ஸின் அரங்கமான டி-மொபைல் பார்க்கில் பந்து அவ்வளவாகப் பறக்காது. குளிர்ந்த கடல் காற்று. அங்கே விழாத ஹோம் ரன் வெளியூரில் விழும். ஆகவே ஊரில் வீசியது நீலம், வெளியூரில் வீசியது கறுப்பு மை. இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

டக்கோமாவை மறந்துவிடாதே. சியாட்டிலிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் ஒன்றரை. மேரினர்ஸுக்கு ஒரு படி கீழே உள்ள அணியான ரெய்னியர்ஸ் அங்கே செனி அரங்கத்தில் ஆடுகிறது. மேலே ஆட்டம் பதினான்கு இன்னிங்ஸ் இழுத்து எட்டுப் பேரின் கட்டத்திலும் எண் விழுந்துவிட்டால், மறுநாள் டக்கோமாவிலிருந்து ஒரு புதுக் கை வரும், இங்கிருந்து ஒருத்தர் போவார். அப்படிப் போன பிட்சர் பொதுவாக 15 நாளுக்கு முன் திரும்ப முடியாது, வேறு யாருக்காவது அடிபட்டால்தான் விலக்கு. போன தேதியோடு 15ஐக் கூட்டி நோட்டின் மேல் ஓரத்தில் எழுதி வை. காயம் ஆறி வருகிறவர்களும் முதலில் அங்கேதான் வீசிப் பார்ப்பார்கள். பேரனோடு ஒரு முறை போயிருந்தேன். மேலே டிவியில் எறும்பு மாதிரி தெரிகிறவர், வேலியை ஒட்டி பத்தடி தூரத்தில் சூடேற்றிக்கொண்டிருந்தார். பந்து கேட்சரின் கையுறையில் விழுகிற சத்தம் பலகையில் கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. நாற்பது பந்து எண்ணினேன், அதற்கப்புறம்தான் ஆட்டமே தொடங்கியது. அந்த நாற்பதும் யார் கணக்கில் வரும்?

இனி, 2025. அக்டோபர் 11, சனிக்கிழமை நம்மூர் நேரம் காலை 5.38க்கு, சீசன் முடிந்த பிறகு வரும் பிளேஆஃப் தொடரில், டெட்ராய்ட்டோடு ஐந்தாவது ஆட்டம் தொடங்கியது. பதினைந்து இன்னிங்ஸ். காலை டிபன் ஆறிப் போய் பத்தரைக்கு முடிந்தது. ஸ்டார்ட்டர்களான கில்பர்ட்டும் லூயிஸ் காஸ்டியோவும் புல்பென்னிலிருந்து வந்து வீசினார்கள், 3-2 என்று ஜெயித்தோம். என் நோட்டில் இரண்டு பக்கத்து ஆட்கள் ஒரே பக்கத்தில் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

தீபாவளிக்கு மறுநாள் காலை, அடுத்த சுற்றில் டொராண்டோவோடு அவர்கள் ஊரில் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் மேரினர்ஸ் வரலாற்றிலேயே முதல் முறையாக உலகத் தொடர் என்கிற இறுதிச் சுற்று. 3-1 என்று முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் பிரையன் வூ ஒரு வாக், ஒரு ஹிட் கொடுத்தார், ஒரு பன்ட்டில் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) இரண்டு பேரும் ஆளுக்கொரு பேஸ் நகர்ந்தார்கள். வூவை இறக்கிவிட்டு பஸார்டோவைக் கொண்டு வந்தார்கள். டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஹோம் ரன் அடித்தார். 4-3. அதோடு முடிந்தது. முன்யோஸை அந்த இடத்தில் ஏன் கூப்பிடவில்லை என்று மகன் இன்னும் கேட்கிறான், எனக்கும் அதே கேள்விதான்.

ஆனால் கணக்கு கணக்குதான். அந்த மூன்று ரன்னை எழுதத் தெரிந்தால் உனக்கு பிட்சிங் கணக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பந்து பஸார்டோவுடையது, ஆனால் பேஸில் இருந்த இருவரையும் விட்டுச் சென்றவர் வூ. ஆகவே வூவுக்கு இரண்டு, பஸார்டோவுக்கு ஒன்று. பழைய குமாஸ்தா கொடுத்த கடன் புதுக் குமாஸ்தாவின் பேரில் ஏறாது. அதனால்தான் ரிலீவர் பக்கத்தில் நான் ஒரு தனிப் பத்தி வைத்திருக்கிறேன்: வந்தபோது பேஸில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் ரன் ஆனார்கள். ஈ.ஆர்.ஏ. இதைக் காட்டாது. அன்று காலை அந்தப் பத்தியில் 2/2 என்று எழுதினேன். மனைவி அதிரசம் கொண்டு வந்து வைத்தாள், மதியம் வரை அப்படியே இருந்தது.

சீசன் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டி முன்பாக்கி போட வேண்டும். போன வருஷம் எவ்வளவு வீசினார், இந்த வருஷம் எவ்வளவு. வூ 2024இல் 121⅓ இன்னிங்ஸ், 2025இல் 186⅔. செப்டம்பரில் மார்புத் தசையில் வலி என்று நின்று, டொராண்டோ தொடருக்குத்தான் திரும்பினார். அதிகம் வீசியதால்தான் வலி என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் அல்ல. அடிக்கோடு மட்டும் போட்டேன்.

பிப்ரவரி நடுவில் அரிசோனாவில், பியோரியாவில், பிட்சர்களும் கேட்சர்களும் முதலில் கூடுவார்கள். அங்கே ஆடும் பயிற்சி ஆட்டங்களின் ரன் கணக்கை எழுதி மையை வீணாக்காதே. வேகம், புதுசாக ஏதாவது பந்து பழகியிருக்கிறாரா, யார் வீசாமல் இருக்கிறார், இந்த மூன்று போதும். அதற்கு முன் நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்துவிட வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அதே கடைதான், 192 பக்கம், தடித்த அட்டை. இரண்டாக வாங்கு, ஒன்று எனக்கு.