லேபிள் இல்லாத வால்வு ரேடியோ டிரான்ஸ்பார்மர்: எந்த ஒயர் எதற்கு?

பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய டிரான்ஸ்பார்மர் இது. லேபிள் இல்லை, ஒன்பது ஒயர், எல்லாம் அழுக்கேறி ஒரே நிறம். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து நேராக 230 வோல்ட்டில் சொருகிப் பார்க்காதீர்கள்.

முதலில் ஒயர்களுக்குத் துண்டுக் காகிதம் ஒட்டி எண் போடுங்கள். மீட்டரை ஓமில் வைத்து எது எதோடு சேர்கிறது என்று பாருங்கள். எனக்குக் கிடைத்தது: 1-2 இடையே 32 ஓம். 3, 4, 5 ஒரே கூட்டம், 3-4 இடையே 148, 4-5 இடையே 161. 6-7, 8-9 இரண்டும் ஒரு ஓமுக்கும் கீழே.

அதிக ஓம் காட்டுவதுதான் பிரைமரி (மெயின்ஸ் கொடுக்கும் சுற்று) என்று நினைத்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, நானும் செய்திருக்கிறேன். மெல்லிய கம்பியில் ஏகப்பட்ட சுற்று இருப்பது ஹெச்.டி. (அதிக வோல்ட் தரும் பக்கம்); அதன் நடு ஒயர்தான் 4. மேலே சுற்றிய பாதிக்குக் கம்பி நீளம் கூடுதல் என்பதால்தான் 148-ம் 161-ம் சமமாக இல்லை. பிரைமரி நடுத்தரமாகச் சில பத்து ஓம். ஒரு ஓமுக்குக் கீழே இருப்பவை ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் சுற்று. (மொத்தமே இரண்டு கூட்டம்தான், ஒன்று சில நூறு ஓம், இன்னொன்று ஒரு ஓம்கூட இல்லை என்றால் அது ஸ்பீக்கருக்கான அவுட்புட் டிரான்ஸ்பார்மராக இருக்கலாம், மெயின்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.)

அப்புறம், பிரைமரி என்று நினைக்கும் 1-2க்குச் சின்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து 12 வோல்ட் ஏசி கொடுங்கள். மறந்தும் ஹீட்டர் ஒயரில் கொடுத்துவிட வேண்டாம், ஹெச்.டி. முனையில் ஆளைக் கொல்லும் வோல்ட் வந்து நிற்கும். என் சின்ன டிரான்ஸ்பார்மர் உண்மையில் 12.6 தந்தது, அதாவது 230-ல் ஏறக்குறைய 18-ல் ஒரு பங்கு. 3-5 இடையே 30.1, 6-7 இடையே 0.37, 8-9 இடையே 0.29. ஒவ்வொன்றையும் 18.25-ஆல் பெருக்கினால் 549, 6.75, 5.3. லோடு இல்லாமல் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆகவே ஹெச்.டி. 250-0-250 (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 250), வால்வுகளுக்கு 6.3, ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் வால்வு) 5 வோல்ட். ஓமில் பிரிக்க முடியாத இரண்டு ஹீட்டர் சுற்றும் இங்கேதான் பிரிந்தன. மலிவான மீட்டரில் ஏசி 200 வோல்ட் ரேஞ்சில்தான் தொடங்கும், அதில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

கடைசியாகத்தான் மெயின்ஸ், அதுவும் 40 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு. மற்ற முனைகளையெல்லாம் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். பல்பு ஒரு மின்னு மின்னி அணைந்தாலோ மங்கிச் சிவந்து நின்றாலோ சரி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சுற்று ஷார்ட். ஹெச்.டி.யை முனைக்கு முனை அளக்காதீர்கள், பல மீட்டர் 600 வோல்ட்டோடு நின்றுவிடும், நடு ஒயருக்கும் ஒரு முனைக்கும் இடையே அளந்தால் போதும். மீட்டர் கிளிப்பை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள், மாட்டிய பிறகு சொருகுங்கள்.