தூண்டில் இரையை ஜிலேபி மீனிடமிருந்து காப்பாற்றியது எப்படி?

பங்குனி வந்தாலே சூலூர் குளத்துக் கரையில் எனக்கு ஒரே தொல்லை. தூண்டிலில் மிதக்கும் தக்கை ஆடும், இழுத்தால் இரையில்லாத வெறும் தூண்டில் முள். எல்லாம் ஜிலேபி மீன் (திலாப்பியா) வேலை. தண்ணீர் சூடேறியதும் ஆண் மீன்கள் கரையோரம் குழி பறித்துக் காவல் நிற்கும்; கிட்டே வருவதையெல்லாம் கொத்தும். மண்புழு நொடியில் காலி.

இரையை மாற்றினேன். மைதா இரண்டு பங்கு, கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு. கெட்டியாகப் பிசைந்து, துணியில் கட்டி, இட்லிச் சட்டியில் அவித்தேன். ஆறினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், கொத்தினாலும் லேசில் உதிராது. வாசமும் தண்ணீரில் நன்றாகப் பரவும்.

அப்புறம் தக்கையைக் கழற்றிவிட்டு, ஈயக்குண்டு கட்டி, ஆழமான பக்கம் அடிமட்டத்தில் போட்டேன். மிர்கால் என்ற கெண்டை வகை அடியில் மேய்கிற மீன். அங்கேதான் அருமையாக மாட்டியது.

வெயில் ஏறுமுன் போங்கள். குளத்து மீனைக் குத்தகை எடுத்தவரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.