ஏதென்ஸைக் காட்டி இன்றைய அரசியல் பேசும் கட்டுரையைச் சரிபார்ப்பது எப்படி?

உக்ரைன், தைவான் என்று எங்கே நெருக்கடி வந்தாலும் சில நாட்களுக்குள் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பத்திரிகைப் பத்திகளில் ஏறிவிடும். எழுதுபவர் கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்த ராணுவ வரலாற்றாசிரியர் என்றால், கேள்வி கேட்கவே வாசகருக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட ஒன்றுமில்லை. மூல நூல்களின் பழைய மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் ஒரு கட்டுரையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடலாம்.

முதலில் கட்டுரையில் மூன்று வகை வாக்கியங்களை மூன்று நிறத்தில் கோடிடுங்கள்: அன்று நடந்தது, இன்று நடப்பது, இரண்டையும் முடிச்சுப் போடுவது. மூன்றாவது வகை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ‘அதே போலத்தான் இன்றும்’ என்ற மாதிரி பத்தியின் கடைசியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். எழுதியவரின் படிப்பு முதல் வகைக்கு மட்டுமே உத்தரவாதம். முடிச்சு சரியா என்பது தர்க்கம். அதை நீங்களும் பார்க்கலாம். முடிச்சே இல்லையென்றால் ஏதென்ஸ் வெறும் அலங்காரம். அதை நீக்கிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள், வாதம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து மேற்கோளைத் தேடுங்கள். ஏதென்ஸ்-ஸ்பார்ட்டா போரை எழுதிய தூசிடிடீஸ், பாரசீகப் போர்களை எழுதிய ஹெரோடோட்டஸ் போன்ற பழங்கிரேக்க வரலாற்றாசிரியர்களைப் பக்க எண்ணால் தேடக்கூடாது, பதிப்புக்குப் பதிப்பு மாறும். தூசிடிடீஸ் ‘5.89’ என்றால் ஐந்தாம் புத்தகம், 89-ஆம் அத்தியாயம். எந்தப் பதிப்பிலும் அதே இடம். பெர்சியஸ் மின்னூலகத்தில் இந்த எண்ணை வைத்தே போகலாம். எண் தராத கட்டுரையென்றால், மேற்கோளில் வரும் ஊர்ப்பெயரையோ ஆள்பெயரையோ மொழிபெயர்ப்பில் தேடுங்கள்; தூசிடிடீஸுக்கு 1874-இல் வந்த கிராலியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. எங்கேயும் அகப்படவில்லையா? போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அறிஞர்களையும் வீரர்களையும் பிரித்து வைக்கும் நாட்டில் கோழைகள் சிந்திப்பார்கள், முட்டாள்கள் போரிடுவார்கள் என்று தூசிடிடீஸ் சொன்னதாக ஓயாமல் ஓடுகிறதே, அதன் வேர் வில்லியம் பட்லர் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1889-இல் எழுதியது. ‘இறந்தவர்களே போரின் முடிவைக் கண்டவர்கள்’ என்பது பிளேட்டோ சொன்னதல்ல, இருபதாம் நூற்றாண்டில் தத்துவவாதி சந்தயானா எழுதியது.

மேற்கோள் கிடைத்ததும், பேசுவது யார் என்று பாருங்கள். அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘வலியவர் முடிந்ததைச் செய்வர், எளியவர் பட்டே தீர்வர்’ என்பது தூசிடிடீஸின் தத்துவமாகவே பரவிவிட்டது. உண்மையில் அது 5.89-இல், கி.மு. 416-இல் மெலோஸ் தீவை மிரட்ட வந்த ஏதென்ஸ் தூதர்களின் வாயில் வருகிறது. எதிராளியின் பதிலும் அங்கேயே இருக்கிறது: நியாயம் என்ற பொதுப் பாதுகாப்பை அழிக்காதீர்கள், நாளை நீங்கள் விழுந்தால் உங்களுக்கும் அது தேவைப்படும் (5.90). தீவு சரணடைந்தது, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கினார்கள். அதை முடித்த கையோடு ஆசிரியர் ஆறாம் புத்தகத்தை, ஏதென்ஸே நாசமான சிசிலிப் படையெடுப்பில் தொடங்குகிறார். 405-இல் கடைசிக் கப்பற்படையும் போனதும், மெலோஸுக்குச் செய்தது தங்களுக்கும் நடக்குமோ என்று ஏதென்ஸ் இரவெல்லாம் நடுங்கியதை இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியரான ஸெனோஃபோன் எழுதியிருக்கிறார். தூதர் பேச்சை மட்டும் வெட்டி எடுத்து ‘வரலாற்றின் பாடம்’ என்பவர், ஒரு பாத்திரத்தின் வசனத்தை ஆசிரியரின் தலையில் கட்டுகிறார். போதாக்குறைக்கு, உரைகளைச் சொல்லுக்குச் சொல் தரவில்லை, சூழலுக்குப் பொருந்தும்படி அமைத்தேன் என்று 1.22-இல் தூசிடிடீஸே ஒப்புக்கொள்கிறார்.

ஒரே போரிலிருந்து இரண்டு கட்சிக்கும் ஆதாரம் கிடைக்கும். சிசிலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 415-இல் ஏதென்ஸ் தரப்பில் முதலில் புறப்பட்டவை 134 போர்க்கப்பல்கள். பின்னால் உதவிக்குப் போனவை 73. 413-இல் எல்லாம் நாசம். பிடிபட்டு கல் குவாரிகளில் அடைபட்டவர்கள் ஏழாயிரத்துக்குக் குறையாது. வெளிநாட்டுப் போர் வேண்டாம் என்பவர் 6.1-ஐக் காட்டுவார்: தீவின் பரப்பும் மக்கள்தொகையும் தெரியாமலே இறங்கினார்கள் என்கிறது அது. போரைத் தொடரச் சொல்பவர் 2.65-ஐக் காட்டுவார்: எதிரியைத் தப்புக்கணக்குப் போட்டதைவிட, ஊரில் இருந்தவர்கள் பதவிச் சண்டையில் மூழ்கி அனுப்பிய படையைச் சரியாகத் தாங்காததே பெரிய குற்றம் என்கிறது அது. இரண்டும் ஒரே பேனா எழுதியதுதான். கட்டுரையாளர் ஒன்றை மட்டும் காட்டினால் மற்றதை நீங்கள் எடுத்து எதிரே வையுங்கள். அதற்குப் பிறகும் அவர் முடிவு நின்றால் அதற்கு எடை உண்டு.

எழுதுபவரின் சொந்த நிலம் எது, எங்கே வேலி தாண்டுகிறார் என்பதும் முக்கியம். ராணுவ வரலாற்றாசிரியர் விக்டர் டேவிஸ் ஹான்சன் நல்ல உதாரணம். கலிஃபோர்னியாவில் திராட்சை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டில் செவ்வியல் முனைவர் பட்டம் பெற்றவர், இன்று ஹூவர் ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர். 1983-இல் வந்த அவரது முதல் ஆய்வு நூலின் கேள்வி எளியது: எதிரிப் படை வயலில் புகுந்தால் உண்மையில் எவ்வளவு அழிக்க முடியும்? பச்சைக் கதிர் எரியாது, காய்ந்திருக்கும் சில வாரங்களில்தான் தீ பிடிக்கும். வெட்டிய ஒலிவ மரம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா நிலத்துக்குள் ஸ்பார்ட்டா வந்ததில் நீண்ட படையெடுப்பே நாற்பது நாள்தான் (2.57). கி.மு. 425-இல் கதிர் பச்சையாக இருந்தபோதே வந்துவிட்டதால் சாப்பாட்டுக்குத் திண்டாடி, பதினைந்தே நாளில் திரும்பினார்கள் (4.6). ஆக, அந்தப் படையெடுப்புகள் ஏதென்ஸின் விவசாயத்தை நிரந்தரமாக அழித்துவிடவில்லை என்று வாதிட்டார். மண்ணும் மரமும் தெரிந்தவர் பேசும் பேச்சு இது. ஹாப்லைட் என்ற கேடயம் தாங்கிய கிரேக்கக் காலாட்படை பற்றிய அவரது பிந்தைய கருத்துகளைச் சக ஆய்வாளர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். 2003 ஈராக் படையெடுப்பை ஆதரித்ததும், பிறகு டிரம்ப்புக்காக வாதாடுவதும் வேறு கணக்கு. ஒலிவ மரத்தில் சரியாகச் சொன்னார் என்பதால் பாக்தாதிலும் சரியாகத்தான் சொல்வார் என்று ஆகாது. அவர் அரசியல் பிடிக்கவில்லை என்பதற்காக ஒலிவ மரத்தைத் தள்ளிவிடுவதும் அதே தப்புதான்.

எண்களைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக மன்னன் ஸெர்க்ஸஸின் மொத்தக் கூட்டத்தை ஹெரோடோட்டஸ் ஐம்பது லட்சத்துக்கு மேல் கணக்கிடுகிறார். இன்று யாரும் அதை ஏற்பதில்லை. சம்பவத்துக்கும் எழுதியவருக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தூசிடிடீஸ் தான் எழுதிய ஏதென்ஸ்-ஸ்பார்ட்டா போரிலேயே தளபதியாக இருந்து நாடு கடத்தப்பட்டவர். அலெக்சாண்டர் பற்றி நாம் அதிகம் நம்பும் ஆரியன், நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து எழுதியவர்.

புள்ளிவிவரமாக வரும் ஒப்புமையில் பட்டியலை யார் போட்டார்கள் என்று கேளுங்கள். எழும் வல்லரசும் ஆளும் வல்லரசும் மோதும் என்ற ‘தூசிடிடீஸ் பொறி’யில் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் கிரஹாம் அலிசன் காட்டுவது 16 நிகழ்வுகள், அதில் 12 போரில் முடிந்தன. அந்தப் பதினாறும் கடந்த ஐந்நூறு ஆண்டுகளைச் சேர்ந்தவை; ஏதென்ஸ்-ஸ்பார்ட்டாவே அதில் இல்லை. இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்தாலோ எடுத்தாலோ விகிதம் மாறும். அணுகுண்டுக்கு முன்னும் பின்னும் என்று பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் மாறும்.

ஹிட்லர் ஒப்புமை வந்தால் தனியாக எச்சரிக்கையாகுங்கள். ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்தை மனதில் வைத்துத்தான் 1956-இல் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் எகிப்தின் நாசரை அந்தக் கால சர்வாதிகாரிகளோடு ஒப்பிட்டு சூயஸில் இறங்கினார். சில வாரங்களில் பின்வாங்க வேண்டியதாயிற்று. ‘விட்டுக்கொடுத்தால் போர்’ என்பவருக்கு மியூனிக். ‘விறைத்து நின்றால் போர்’ என்பவருக்கு முதல் உலகப்போர் வெடித்த 1914. இரண்டில் எது பொருந்தும் என்பதற்கு எதிரி உண்மையில் என்ன கேட்கிறான், எதோடு நிறுத்திக்கொள்வான் என்று தெரிய வேண்டும். அந்தத் தகவல் பழைய நூலில் கிடைக்காது.

கடைசியாக, கட்டுரையில் உள்ள கணிப்புகளை மட்டும் பிரித்து எழுதி வையுங்கள்: என்ன நடக்கும், எப்போதுக்குள், எது நடந்தால் பொய்யாகும். ‘வீழ்ச்சி தொடங்கிவிட்டது’ போன்ற, தேதியில்லாத வாக்கியங்களைச் சேர்க்க வேண்டாம். எது நடந்தாலும் அவை தோற்காது. அதே ஆளின் மூன்று நான்கு ஆண்டுக்கு முந்தைய கட்டுரைகளையும் இப்படியே பிரியுங்கள். தேறும் கணிப்பு பத்துக்கு ஒன்றுகூட இல்லையென்றால், அவரைப் பழங்கால வரலாற்றுக்கு மட்டும் படிக்கலாம்.