ஸ்னேர் மேல் ஒரு கைத்தட்டல்: டிரம் மாட்யூலில் இரண்டு ஒலிகளை அடுக்கும் முறை

மின்னணு டிரம் வாங்கிய புதிதில், ஒரே பேடில் (குச்சியால் அடிக்கும் தட்டில்) இரண்டு ஒலிகளை ஏற்றிப் பார்க்கும் ஆசை அநேகமாக எல்லோருக்கும் வரும். ஒலி கனமாகும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் கலங்கலாகத்தான் வந்து நிற்கும், ஏனெனில் இரண்டும் ஒரே அதிர்வெண்களில் இடம் கேட்டு முட்டிக்கொள்கின்றன. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வேலையைக் கொடுத்து, அந்த வேலைக்கு உதவாததைக் குறைத்துவிடுவதே லேயர் செய்வதில், அதாவது ஒலிகளை அடுக்குவதில், பாதி வேலை. ஒரு பேடுக்கு முதன்மை ஒலி, துணை ஒலி என இரண்டை ஏற்க வசதியுள்ள ரோலண்ட் டிடி-27 போன்ற மாட்யூலை (பேடில் விழும் அடியை ஒலியாக மாற்றும் பெட்டியை) மனத்தில் வைத்து எழுதுகிறேன். மெனுப் பெயர்கள் மாடலுக்கு மாடல் மாறும்.

முதலில், பிடித்த கிட் (எல்லாப் பேடுகளுக்குமான ஒலித் தொகுப்பு) ஒன்றைக் காலியான எண்ணுக்கு நகலெடுத்து அதில் மட்டும் கை வையுங்கள். பிறகு அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரூம், ரிவெர்ப் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை எந்தக் குறையும் காதில் விழாது.

முதன்மை ஒலியாகச் சாதாரண ஸ்னேர் ஒன்றை வையுங்கள். அதன் உடல், அதாவது ஒலியின் கனமான பகுதி, ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். துணை ஒலியாக, 1980இல் வந்த டிஆர்-808 என்ற மின்னணுத் தாளக் கருவியின் கைத்தட்டலை எடுத்துக்கொள்வோம். கவனித்துக் கேட்டால் அது ஒரே தட்டல் அல்ல என்பது புரியும்: 1000 ஹெர்ட்ஸைச் சுற்றி வடிகட்டப்பட்ட இரைச்சல், சுமார் 10 மில்லி விநாடி இடைவெளியில் சில முறை வெடித்து, பின் ஒரு வாலாக நீண்டு அடங்குகிறது. ஆகவே குச்சி பட்ட கணத்தை ஸ்னேர் சொல்லிவிடுகிறது, தட்டல் அதன் பின்னால் விரிகிறது. தட்டலின் அளவை மிகுதியாக வைத்தால் நீங்கள் தாமதமாக வாசிப்பதுபோலத் தோன்றும். துணை ஒலியைப் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏற்றி, அதை அணைத்தால் ஏதோ குறைகிறதே என்று படும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்தது டிகே, அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாள அடிகள்) வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு ஸ்வரம் (ஒரு தாள அடியின் கால் பங்கு) 125 மில்லி விநாடிதான் என்பதால், தட்டலின் வால் அதைத் தாண்டினால் அடுத்த அடியை மூடிவிடும். எனவே வாலைச் சுருக்குங்கள். துணை ஒலிக்குத் தனி ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் அதன் தாழ்ந்த அதிர்வெண்களையும் வெட்டலாம், இல்லையென்றால் இன்னும் மெலிந்த தட்டலொன்றைத் தேர்ந்தெடுப்பதே நேர்வழி.

இனி, நான் அதிக நேரம் செலவிடும் இடம்: அடியின் பலத்துக்கேற்பத் துணை ஒலியை வரவழைப்பது. மாட்யூல் ஒவ்வோர் அடியையும் 1 முதல் 127 வரையிலான வெலாசிட்டி எண்ணாகப் பார்க்கிறது. லேயர் வகைகளுள் மிக்ஸ் வகையில் இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஒலிக்கும். ஸ்விட்ச் வகையில் குறித்த எண்ணைத் தாண்டியதும் ஒலி மாறும். ஃபேடில் துணை ஒலி படிப்படியாக உள்ளே வரும். ஸ்னேருக்கு ஃபேடே பொருத்தம், ஏனெனில் ஸ்விட்சை வைத்து ரோல் (விரைவான தொடர் அடிகள்) வாசித்தால் நடுவில் ஒலி குதிப்பது பளிச்சென்று தெரியும். எல்லையை 90 அளவில் வைத்தால் மெல்லிய கோஸ்ட் அடிகள் வெறும் ஸ்னேராகவே இருக்கும், ஓங்கி அடிக்கும் இடத்தில் மட்டும் தட்டல் சேரும். உங்கள் இயல்பான அடியே 110ஐத் தொட்டால் இந்த எல்லைக்குப் பொருளில்லை; பேடின் சென்சிட்டிவிட்டியை முதலில் சரிசெய்யுங்கள்.

காலால் மிதித்து வாசிக்கும் கிக்கிலும் இதே முறைதான், ஒரு எச்சரிக்கையோடு. கனமான இரண்டு கிக்குகளைச் சேர்த்தால் அவற்றின் அலைகள் எதிரெதிராக அமைந்து அடிநாதம் மெலிந்துபோகக்கூடும். ஒன்றின் பிட்சை (சுருதியை) சற்றே நகர்த்திப் பாருங்கள், அல்லது ஒன்றை 60 ஹெர்ட்ஸ் கனத்துக்கும் மற்றதை 3000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ‘டக்’ என்ற முனைக்கும் ஒதுக்குங்கள்.

கடைசியாக, ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். ஹெட்போனில் அழகாக இருந்த என் கிக் ஒன்று, ஒரு கல்யாண மண்டபத்தில் சுவரெல்லாம் உறுமித் தள்ளியது. அன்று வால்யூமைக் குறைத்தும் பயனில்லை. டிகேயைப் பாதியாக்கியதும்தான் அடங்கியது.