மழைக்கு முன் கட்டி வைக்கும் பை: நெல்லை வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

"கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 2023-ல் மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17-ஆம் தேதி, விடாமல் கொட்டியது. பெயர் சூட்டிய புயல் ஏதும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். மலையிலும் மழை, ஊருக்குள்ளும் மழை, அணைகளிலிருந்தும் தண்ணீர். தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பகுதி, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகம் எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. 1992 நவம்பரிலும் ஆறு இப்படி ஏறியிருக்கிறது. இனியும் ஏறும்.

டவுனில் இருக்கிறோம், பக்கத்திலேயே கடை இருக்கிறது, போன் பண்ணினால் ஆள் வரும் என்ற நம்பிக்கைதான் நகரத்து வீடுகளின் பெரிய பலவீனம். கரண்ட் போய், டவர் போய், ரோடும் போனால் இரண்டு மூன்று நாள் நம் வீட்டில் இருப்பதுதான் நமக்கு. அதற்கான ஏற்பாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்துவிடலாம்.

படி 1: பைக்கு முன்னால் ஒரு தாள்

கடையில் விற்கிற ரெடிமேட் பையை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒரு தாளில் வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், எது இல்லாவிட்டால் அவர் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டார் என்று எழுதுங்கள். ஆச்சிக்குப் பிரஷர் மாத்திரை, கண்ணாடி, கைத்தடி. தாத்தாவுக்கு இன்சுலின். கைக்குழந்தைக்குப் பால் பவுடர், துணி. உங்களுக்கு எதிரில் ஒன்றும் இல்லாமல் போகலாம். இந்தப் பை உங்களுக்கானது அல்ல. வீட்டில் யார் முதலில் தளர்ந்து போவாரோ அவருக்கானது. தாளில் மேலே வரும் சாமான்தான் பைக்குள் முதலில் போக வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவரோ நிறைமாதக் கர்ப்பிணியோ இருந்தால் எந்தப் பையையும் நம்பி ஆற்றோர வீட்டில் இருக்கக் கூடாது. எச்சரிக்கை வந்த அன்றே ஹைகிரவுண்டு, பெருமாள்புரம் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தோதான சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 2: தண்ணீர்

சுற்றிலும் வெள்ளம் நிற்கும், குழாயில் சொட்டு வராது. நமக்குக் குடிதண்ணீர் வருவதே ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளிலிருந்துதான். வெள்ளம் அங்கே மோட்டாரையும் குழாயையும் மூழ்கடித்தால் வெயில் அடித்த பிறகும் பல நாள் தண்ணீர் வராது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வையுங்கள். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 36 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு போதும். மழைக்காலம் முழுக்க இரண்டு கேன் தனியாக நிற்கட்டும். புதுக் கேன் வந்ததும் பழையதை எடுத்துப் புழங்குங்கள். பாத்திரம் கழுவ, கால் கழுவ வேண்டியதை எச்சரிக்கை வந்த அன்று குடம், வாளி, அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்கலாம்.

பையில் குளோரின் மாத்திரை ஒரு அட்டை இருக்கட்டும். அட்டையில் சொல்லியிருக்கும் அளவில் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். குழாயில் கலங்கலாக வரும் தண்ணீரைப் படிகாரம் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்தால்தான் குடிக்கலாம். வெள்ளத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். அதில் சாக்கடையோடு பெட்ரோல், பூச்சிமருந்து எல்லாம் கலந்திருக்கும்.

படி 3: அடுப்பில்லாத சாப்பாடு

நூடுல்ஸ் பாக்கெட்டை அடுக்குகிறார்கள். அடுப்பு இல்லாத நேரத்தில் அது எதற்கு? நம் பலசரக்குக் கடையிலேயே இதைவிட நல்லது இருக்கிறது. அவல் ஒரு கிலோ, பொடித்த கருப்பட்டி அரைக் கிலோ. அவலைத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊற வைத்துக் கருப்பட்டியைக் கலந்தால் குழந்தையும் தின்னும், பல்லில்லாத ஆச்சியும் தின்பாள். கூடவே பொரிகடலை, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். அவருக்குப் பொரிகடலையும் வறுத்த நிலக்கடலையும் தனியாக வையுங்கள். ஆனால் இன்சுலின் போடுபவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டினால் உடனே கொடுக்கக் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றும் அவசியம்.

படி 4: மருந்து

தினமும் சாப்பிடும் மாத்திரை ஏழு நாளைக்கு, சீட்டின் நகலோடு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், பஞ்சு, கட்டுத்துணி, புண்ணுக்குப் போடும் களிம்பு. உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு: ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி.

கரண்ட் போனதும் இன்சுலின் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான வகைகள் பிரித்த பிறகு நான்கு வாரம் வரை சாதாரண அறைச் சூட்டில் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் குறிப்பைப் பார்த்து வெளியே எழுதி ஒட்டுங்கள். சூடு அதிகமானால் ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண்கலயத்தைப் பதித்து, கவரில் கட்டிய இன்சுலினை அதில் வைத்து மூடுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் உறைந்து வீணாகும்.

படி 5: வெளிச்சம், செய்தி

தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது இரண்டு கையும் வேண்டும். மெழுகுவர்த்தி கடைசி வழி, அதுவும் கேஸ் வாசனை இல்லாத இடத்தில் மட்டும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒரு போனை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு தடவை ஏற்றும். கால் போகாதபோதும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேரலாம். இன்டர்நெட் நின்ற பிறகும் செய்தி தருவது பேட்டரி ரேடியோ. மொட்டைமாடியிலிருந்து படகுக்காரரைக் கூப்பிட விசில் ஒன்றும் வேண்டும். தொண்டை அரை மணியில் கட்டிவிடும்.

நம்பர்களைத் தாளில் எழுதுங்கள்: 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் நம்பரையும் எழுதி, "பிரிந்துபோனால் எல்லோரும் இவருக்கே தகவல் சொல்வோம்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சுலோச்சன முதலியார் பாலத்தில் போக்குவரத்து நின்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டவுனில் ஒருவர், அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் ஒருவர் என்று நிற்க வேண்டி வரும்.

படி 6: காகிதம், காசு

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட். ரேஷன் கார்டு முக்கியம்: 2023 வெள்ளத்துக்குப் பிறகு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களுக்கு அரசு அறிவித்த 6000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. ஒவ்வொன்றையும் ஜிப் கவரில் போட்டு, மொத்தத்தையும் கனமான பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள். படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். டவர் இல்லாதபோது ஜிபே ஓடாது. 10, 50, 100 ரூபாய் நோட்டுகளாக இரண்டாயிரம் ரூபாய் வைக்கலாம்.

படி 7: யாரும் பேசாத விஷயம்

தரைத்தளத்தில் கழிவறை எதிர்த்துப் பொங்கும். மூடியுள்ள வாளி ஒன்று, அதற்குள் போடக் கனமான கவர்கள், பிளீச்சிங் பவுடர், சோப்பு. சேலை ஒன்றை மறைப்பாகக் கட்டக் கயிறு. பெண்களுக்கு நாப்கின், எல்லோருக்கும் ஒரு மாற்றுத்துணி. கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயில் விழுவது பெண்கள்தான். அதனால் இதை அவர்களிடமே கேட்டு அடுக்குங்கள்.

படி 8: எங்கே வைப்பது

கட்டிலுக்கு அடியிலோ பூஜையறை மூலையிலோ வேண்டாம். பரண்மேல் அல்லது மாடியில் வையுங்கள். தண்ணீர்க் கேனும் அங்கேதான். தோளில் மாட்டி மாடிப்படி ஏற முடிகிற கனமாக இருக்க வேண்டும்; முடியாவிட்டால் இரண்டு பையாகப் பிரியுங்கள். புரட்டாசி கடைசியில் கட்டி, பொங்கல் முடியும் வரை பிரிக்காமல் வைக்கலாம். டார்ச், ரேடியோவின் பேட்டரியைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்துவிடும்.

எச்சரிக்கை வந்த அன்று

சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்று அர்த்தம். போன்களுக்குச் சார்ஜ் போட்டுவிடுங்கள். வாசலுக்குத் தண்ணீர் வருமுன், கை கால் உலர்ந்திருக்கும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரையும் மூடுங்கள். இன்வெர்ட்டர் தனி, அதையும் அணைக்க வேண்டும். வீட்டை விட்டுப் போகச் சொன்னால், இருட்டும் முன் போய்விடுங்கள்.

திரும்பி வந்ததும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். அலமாரி, செருப்பு, சுருட்டிய பாய் எல்லாவற்றையும் கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்பு ஏறியிருக்கும். அடுத்த சில வாரத்தில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.