50 மீற்றர் இலக்குக்கு ஒரு .22 ரைபிள்: தோட்டாவிலிருந்து தொடங்கித் தெரிவு செய்வது எப்படி

இலக்குத் தாளைச் சுடப் பழகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது "எந்த ரைபிள் வாங்கலாம்?" என்பதுதான். .22 லோங் ரைபிள் என்ற சிறு தோட்டாவைச் சுடும் ரைபிள் விஷயத்தில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கொழும்பில் எந்தத் தோட்டா உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும்? இந்தச் சிறு தோட்டாவில் தீமூட்டும் மருந்து கோதின் விளிம்புக்குள் அடைக்கப்பட்டிருக்கும். சுட்டபின் எஞ்சும் வெற்றுக் கோதை மறுபடி நிரப்ப முடியாது. தொழிற்சாலை எப்படிச் செய்து அனுப்பியதோ அப்படியே சுட வேண்டியதுதான். ஒரே ரைபிள் ஒரு பிராண்டில் தாளில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கச் சுடும், வேறொரு பிராண்டில் அதைவிட இரண்டு மடங்கு சிதறும். ஆகவே தோட்டாவிலிருந்து தொடங்குவோம்.

அதற்கும் முன்னால், அனுமதி

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் ரைபிளையோ தோட்டாவையோ வாங்கவும் முடியாது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் முடியாது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நண்பர் ஒருவர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தாலும் பத்திரம் உங்கள் பெயருக்கு மாறாமல் அதைக் கையில் வைத்திருப்பது குற்றம். தேசிய துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தோடு இணைந்த கழகம் ஒன்றில் சேர்ந்து, கழகத்தின் ரைபிளில் சில மாதம் பழகிவிட்டுச் சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். கழகத்தில் 10 மீற்றர் எயார் ரைபிள் இருந்தால் அதில் தொடங்குவது இன்னும் நல்லது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகச் சுட்ட தெஹானி எகொடவெல கலந்துகொண்டதும் அந்தப் பிரிவில்தான். விசையை இழுப்பதையும் மூச்சை நிறுத்துவதையும் குறைந்த செலவில் அது கற்றுத் தரும்.

படி 1: தோட்டா

பெட்டியில் "ஸ்டாண்டர்ட் வெலொசிட்டி" என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயக்குண்டு, குழலை விட்டு விநாடிக்கு ஏறக்குறைய 325 மீற்றர் வேகத்தில் வெளிவரும். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் சுமார் 349 மீற்றர். குண்டு ஆரம்பம் முதல் அதற்குக் கீழேயே போகிறது. "ஹை வெலொசிட்டி" வகை விநாடிக்குச் சுமார் 380 மீற்றரில் கிளம்பி, 50 மீற்றரை எட்டும் முன்னரே ஒலிவேகத்தைக் கடந்து கீழே இறங்கும். அந்த இடத்தில்தான் குண்டு குலுங்குகிறது. வேகமான குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். .22இல் நடப்பது எதிர்மாறு. ஒலிவேகத்தை ஒட்டிய பகுதியில் வேகம் சட்டென்று இழக்கப்படுவதால் ஹை வெலொசிட்டிதான் காற்றில் கூடுதலாக விலகும்.

கிடைக்கக்கூடிய இரண்டு மூன்று பிராண்டுகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ரைபிளைச் சோதிப்பது அவற்றில்தான். எங்கோ ஒரு நாட்டில் பரிசு வாங்கித் தந்த விலை உயர்ந்த தோட்டா இங்கே ஒரு பெட்டிக்கு மேல் கிடைக்காதென்றால் அதில் சோதித்து என்ன பயன்?

படி 2: எந்த வகை

தொடக்கக்காரருக்கு போல்ட் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் பின்பக்கத் தாழ்ப்பாளை (போல்ட்) கையால் இழுத்துத் தள்ளும் வகை. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும்போது அவசரம் தானாகக் குறையும். குழலும் அதன் பின்முனையில் தோட்டா அமரும் அறையும் நெருக்கமாகப் பொருந்துவதால் துல்லியமும் கூடும். 1964 முதல் வரும் ரூகர் 10/22 போன்ற தானேற்றி ரைபிள்கள் நல்லவைதான், ஆனாலும் சில மெல்வேகத் தோட்டாக்களில் இவற்றின் போல்ட் முழுதாகப் பின்வாங்காமல் சிக்கும்.

சிஸெட் 457, டிக்கா டி1எக்ஸ், சாவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் ஆகியவை இந்த விலைத்தட்டில் உலகெங்கும் பேசப்படுபவை. நான்கில் எதுவும் உங்கள் கையைவிட நன்றாகவே சுடும். கைமாறிய பழைய அன்ஷுட்ஸ் போட்டி ரைபிள் ஒன்று சரியான பத்திரத்தோடு கிடைத்தால் புதியவற்றை விட்டு அதைப் பாருங்கள். நன்றாகப் பேணிய .22 குழல் மிக நீண்ட காலம் உழைக்கும், ஈயக்குண்டு அதை எளிதில் தேய்க்காது.

படி 3: கையில் எடுத்துப் பார்த்தல்

எடுத்தவுடன் மகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து, அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்து வெறுமை என்று உறுதி செய்யுங்கள். விற்பவர் பார்த்துவிட்டாலும் நீங்களும் பாருங்கள்.

குழலின் வாய்: காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைக் குழல் வாய்க்குள் சிறிது விட்டு, விளிம்பைத் தொட்டபடி வெளியே இழுங்கள். சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் இப்படிச் செய்யுங்கள். ஓரிடத்தில் பஞ்சு நூல் மாட்டி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு சிறு வடு இருந்தாலும் வாயு ஒரு பக்கமாகக் கசிந்து குண்டைச் சாய்க்கும். இரும்புத் துப்புரவுக் கம்பியை வாய்ப் பக்கமிருந்து ஆண்டுக்கணக்கில் விட்டு எடுத்த ரைபிள்களில் இந்தக் குறை மிகச் சாதாரணம்.

குழலின் உள்: போல்ட்டை முழுதாகக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நடுவே கருவளையம் தெரிந்தால், குழலில் குண்டு சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டதால் அது வீங்கியிருக்கிறது. விலை என்னவானாலும் வேண்டாம்.

குழலும் ஸ்டொக்கும் (தோளில் அணைத்துப் பிடிக்கும் உடல்பகுதி): ஒரு ரூபாய் நோட்டை மடிக்காமல் குழலுக்கு அடியில் வைத்து முன்னிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டு போங்கள். ஆக்ஷனுக்கு (போல்ட் இயங்கும் பகுதிக்கு) அருகே வரை தடையின்றிப் போக வேண்டும். கடல் பக்க ஈரக்காற்றில் மர ஸ்டொக் ஊதி ஒரு பக்கம் குழலில் முட்டும். காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் அடிக்கும் ரைபிள்களுக்கு இது ஒரு வழக்கமான காரணம். லெமினேட் அல்லது பிளாஸ்டிக் ஸ்டொக்கைக் கொழும்புக்குப் பரிந்துரைப்பது இதனால்தான்.

விசை: பயணப்பெட்டி நிறுக்கும் தொங்கு தராசின் கொக்கியை விசையில் மாட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். 1 முதல் 1.5 கிலோ வசதியானது. ரைபிளே 3 கிலோ அளவில் இருக்கும்போது விசைக்கு 2.5 கிலோ தேவைப்பட்டால், குறி தவறுவதற்கு விரலே காரணமாகிவிடும். மிக இளகிய விசையும் ஆபத்து. தோட்டா இல்லாத ரைபிளின் போல்ட்டை இழுத்து மூடிச் சுடத் தயாராக வைத்து, ஸ்டொக்கின் அடிப்பகுதியில் உள்ளங்கையால் தட்டுங்கள். விசையைத் தொடாமலே ஊசி விடுபட்டு அடித்தால் அது பாதுகாப்பற்றது. பழைய .22களில் வெற்று அறையில் அடிக்கடி விசையை இழுக்கவும் வேண்டாம். ஊசி அறையின் விளிம்பில் மோதி அதை நசுக்கிவிடும். போலித் தோட்டா ஒன்றைப் போட்டுப் பழகுங்கள்.

படி 4: தாளில் சோதனை

வாங்கும் முன் சுட்டுப்பார்க்க வழி இருந்தால் எதற்காகவும் அதை விடாதீர்கள். முன்பக்கம் ஒரு மணல் பை, பின்பக்கம் ஒரு சிறு பை. முன் பை ஸ்டொக்கின் கீழ் இருக்கட்டும், குழலைத் தாங்க வைத்தால் குண்டு விழும் இடம் மாறிவிடும். பிராண்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் 10 முதல் 15 தோட்டாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழலுக்குள் முந்தைய தோட்டாவின் மெழுகு போய்ப் புதியது படிய அவ்வளவு தேவை. பிறகு 5 தாள், தாளுக்கு 5 தோட்டா. மிக அகன்ற இரு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, குண்டின் விட்டமான 5.6 மில்லிமீற்றரைக் கழித்தால் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும். ஐந்தின் சராசரியைத்தான் நம்ப வேண்டும். அழகான ஒரே ஒரு தாளைக் காட்டி விற்பவரிடம் மற்ற நான்கையும் கேளுங்கள்.

50 மீற்றர் சர்வதேச இலக்கில் பத்தின் வளையம் 10.4 மில்லிமீற்றர். துளை கோட்டைத் தொட்டாலே பத்து. ஆகவே மையத்தில் அமைந்த, மையத்துக்கு மையம் அளந்து 16 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் அடங்கும் குரூப் (துளைக் கூட்டம்) முழுவதும் பத்தாகும். சாதாரணத் தோட்டாவில் சராசரி 20 என்றால் பழகுநருக்கு அது தாராளம். 30ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள்.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டால் தோட்டாவின் வேகம் சீரில்லை, அல்லது ஆக்ஷன் திருகு தளர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நீண்டால் காற்று. இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால் ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அதன் வளையத் திருகுகளையும் பாருங்கள். மகசினிலிருந்து ஏறும் தோட்டாவின் ஈய மூக்கில் கீறல் தெரிந்தால், ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றி ஒரு தாள் சுட்டு ஒப்பிடுங்கள்.

சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்க்காமல் அடுத்ததைச் சுட வேண்டாம். வெடிக்காத தோட்டா என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுத்த பிறகு திறக்கவும்.

படி 5: ஸ்கோப்

ஒலிம்பிக் வகை 50 மீற்றர் போட்டியில் ஸ்கோப் கிடையாது, சிறு துளை வழியே குறிபார்க்கும் துளைக்காட்சிதான். பொழுதுபோக்குக்கு ஸ்கோப் போதும். பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்பின் பரலக்ஸ் (கண் நகரும்போது குறி விலகித் தெரிவது) 100 யார், அதாவது கெஜம், தூரத்துக்குச் சரியாகும்படி அமைத்திருப்பார்கள். .22 போன்ற ரிம்ஃபயருக்கானது பெரும்பாலும் 50 யார், அதையே வாங்குங்கள். வளையங்கள் வாங்கும்போது உங்கள் ரைபிளில் ஸ்கோப்பைப் பொருத்த இருப்பது 11 மில்லிமீற்றர் டவ்டெயிலா, வீவர் பட்டையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ (ஒரு எம்.ஓ.ஏ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 50 மீற்றரில் குண்டு விழும் இடம் சுமார் 3.6 மில்லிமீற்றர் நகரும்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

நுரைப்பஞ்சுப் பைக்குள் பூட்டி வைப்பதுதான் கொழும்பில் துருவுக்கு நேர் வழி. பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டவைக்கும். வெளி உலோகத்தை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டும் இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும். தோட்டா வேறு பூட்டில். குழலின் உட்பக்கத்தை ஒவ்வொரு முறையும் தேய்க்கத் தேவையில்லை. குரூப் விரியத் தொடங்கும்போது பின்பக்கமிருந்து வாயை நோக்கி ஒட்டுத்துணியை இழுத்தால் போதும். அறைக்கு முன்னால் வளையமாகப் படியும் கரியை மட்டும் கரைப்பானில் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். தோட்டா ஏறும்போது கடைசிச் சில மில்லிமீற்றர் இறுக்கமாக உணர்ந்தால் அந்தக் கரி திரண்டுவிட்டது.