1 சதவீத வாய்ப்பா? 300 முறைக்குக் கணக்குப் போடுங்கள்

மொபைல் கேமில் ஒரு பெட்டியைத் திறந்தால் அரிய பொருள் கிடைக்க 1 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தால், 100 பெட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்காதீர்கள். 300 பெட்டிக்குப் பாருங்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்றால் முதல் பெட்டிக்கே பணம் கட்ட வேண்டாம்.

பேச்சுவழக்கில் ‘நூற்றில் ஒன்று’ என்றால் நூறு தடவை முயன்றால் ஒன்று வந்துவிடும் என்றுதான் மனசுக்குப் படும். நிகழ்தகவில் அதற்கு அர்த்தமே வேறு. ஒரு முறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99, அந்த 0.99-ஐ நூறு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் சுமார் 0.37. அதாவது நூறு பெட்டி வாங்குபவர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பேருக்கு அந்தப் பொருள் கிடைக்காது! 300 பெட்டி என்றால் அது 5 சதவீதமாகக் குறையும். பகடையும் இப்படித்தான்: ஆறு விழ 6 முறை போதாது, 18 முறை உருட்டினால் ஒரு முறையாவது விழ 96 சதவீத வாய்ப்பு. அப்புறம், 99 முறை கிடைக்கவில்லை என்றாலும் நூறாவது பெட்டிக்கும் அதே 1 சதவீதம்தான். ‘இவ்வளவு போட்டாச்சு, இனி வந்துதான் ஆகணும்’ என்ற நினைப்புதான் பர்ஸைக் காலி செய்கிறது.

குடத்தில் ஒரு பரிசுச் சீட்டு உட்பட 100 சீட்டு போட்டு, எடுத்ததைத் திரும்பப் போடாமல் எடுக்கும் குலுக்கலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நூறுக்குள் கட்டாயம் வந்துவிடும். சில கேம்களில் இத்தனையாவது முறை நிச்சயம் என்று உறுதி தருவார்கள். அங்கே அந்த எண்ணை வைத்தே செலவைக் கணக்கிடுங்கள்.